ஐயாயிரத்து நாற்பதும், நடுவில் ஒன்றும்

1. சங்கிலி சொன்னது

வாழைத் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். உழுத நிலத்தை அளந்து, வரிசை பிடித்து, கன்றுக்குச் சொல்லி அனுப்பி, ஆள் கூட்டி நட்டு, முதல் தண்ணீர் பாய்வதுவரை என் பொறுப்பு. கம்பம் பக்கத்தில் என்னை லைன் மேஸ்திரி என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் செய்திருக்கிறேன். ஆனால் நானே பொறுப்பெடுத்த முதல் தோட்டத்தில், நடவு அன்று காலை ஏழு மணிக்கு, ஓடிப் போய்விடலாமா என்று யோசித்தவன் நான். எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடப் பார்த்து வைத்தேன். ஒரு பக்கம் கம்பம் ரோடு, மறுபக்கம் மலை. மலைதான் கிட்டே இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. சுருளிப்பட்டிக்கு மேற்கே குருவம்மாள் என்ற அம்மாளின் தோட்டம், நாலு ஏக்கர் சொச்சம். எல்லை தாண்டிக் குமுளிப் பாதை வழியாகப் பதினான்கு மாட்டு வண்டிகளில் நேந்திரங்கன்று வந்து இறங்கிவிட்டது. மொத்தம் ஐயாயிரத்து நாற்பது. ஒன்பது செட்டு ஆட்கள் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை எட்டு நாள் கழித்துத்தான். எட்டு நாள் வெயிலில் கிடந்தால் கன்று என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லைக் கோடு பிடிக்கக் ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணத்திடமிருந்து இரும்புச் சங்கிலியை வாங்கி வைத்திருந்தார் குருவம்மாள். அறுபத்தாறு அடிச் சங்கிலி. வாய்க்கால் ஓரமாக நீட்டினேன். ஆறு சங்கிலியும் முப்பது அடியும் வந்தது. குறுக்கே திரும்பி நீட்டினேன். அதுவும் ஆறு சங்கிலியும் முப்பது அடியும். மூன்று தடவை நீட்டியும் சங்கிலி தன் பேச்சை மாற்றவில்லை. தோட்டம் அச்சு அசலாகச் சதுரம். நான் வரிசை போட்டு வைத்திருந்ததோ சதுரமில்லாத தோட்டத்துக்கு.

2. எனக்குப் பிடித்த எண்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, ஐயாயிரத்து நாற்பது ஏன் என்று சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் என் முட்டாள்தனமும் புரியாது.

நடவு ஆட்கள் செட்டுச் செட்டாக வருவார்கள். எத்தனை செட்டு வரும் என்று முதல் நாள் சாயங்காலம்வரை யாருக்கும் தெரியாது. நெல் நடவு இருந்தால் ஏழு வரும், இல்லாவிட்டால் பத்து வரும். வந்ததும் முதல் வேலை கன்றைக் குவியல் குவியலாகப் பங்கு பிரிப்பது. எல்லோரும் கேட்க உரக்க எண்ணிப் போட வேண்டும். ஒரு குவியலில் ஒரு கன்று கூடிவிட்டால் அந்தச் செட்டு மண்வெட்டியைத் தொடாது. அவர்கள்மேல் தப்பில்லை. ஒரு கன்று என்றால் ஒரு குழி, ஒரு குழி என்றால் ஒரு குனிவு. இடுப்பு அவர்களுடையது.

நான் சர்வேக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சண்டையைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். உத்தமபாளையத்தில் எட்டாவதுவரை படித்தவன், கணக்கில் எனக்குக் கிறுக்கு உண்டு. எத்தனை செட்டு வந்தாலும் மிச்சமில்லாமல் பிரிகிற எண் ஒன்று இருக்காதா என்று தேடினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழுவரை பெருக்கிக்கொண்டே போனேன். ஐயாயிரத்து நாற்பது வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, இந்த நாலை மட்டும் பெருக்கினேன். மறுபடியும் ஐயாயிரத்து நாற்பது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்றிலிருந்து பத்துவரை எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுபடும். பன்னிரண்டாலும் வகுபடும். உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில் மொத்தம் அறுபது எண்கள் அதைச் சரியாக வகுக்கின்றன. பதினொன்று மட்டும் முரண்டு பிடிக்கும், இரண்டு மிச்சம் வரும். பின்னாளில் ஓடைப்பட்டியில் ஒரு தரம் பதினொரு செட்டு வந்தபோது அந்த இரண்டு கன்றையும் என் கையாலேயே நட்டுத் தப்பித்தேன்.

இப்படி ஒரு எண் கிடைத்த பிறகு மனிதன் சும்மா இருப்பானா? சங்கிலி வேலையை விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி, "எண்ணு சோறு போடுமாக்கும்?" என்று கேட்டாள். போடும் என்றேன்.

3. சணல் கயிறு

குருவம்மாள் என்னை நம்பிக் கூப்பிட்டது என் அதிர்ஷ்டம். புருஷன் காலமான பின் பத்து வருஷமாக இரண்டு தோட்டத்தையும் தானே பார்த்தவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

முதல் நாள் என்னை வரப்பில் நிறுத்திச் சொன்னார்.

"தம்பி, எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. நட வந்த கன்னு ஒண்ணுகூட திரும்பி வாசப்படிக்குப் போகக் கூடாது. வெட்டின குழி ஒண்ணுகூட வெறுங்குழியாக் கெடக்கக் கூடாது. எங்க மாமனார் காலத்துல இருந்து அப்படித்தான் நடுறாக."

"சரிங்கம்மா."

"கொல்லையில இருந்து சாமிக்கன்னு ஒண்ணு நான் கொண்டாருவேன். அது இந்தச் சதுரத்துக்கு நட்டநடுவுல நிக்கணும்."

"பாத்துக்கிருவோம்மா."

"இது நல்லபடியா அமைஞ்சா மேலத் தோட்டமும் ஒனக்குத்தான். அமையலைன்னா கயித்தச் சுருட்டிக்கிட்டு பழையபடி சங்கிலி பிடிக்கப் போயிரு."

அதைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை.

அளக்க என்னிடம் இருந்தது புதுச் சணல் கயிறு. ஆறடிக்கு ஒரு முடிச்சு போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருக்கும். வாய்க்கால் ஓரமாக அளந்தபோது கயிறு தண்ணீரில் விழுந்து நனைந்தது. நனைந்த சணல் சுருங்கும். அதனால் முடிச்சு கூடுதலாக வந்தது: எழுபத்திரண்டு. குறுக்கே அளப்பதற்குள் உச்சி வெயில். கயிறு காய்ந்துவிட்டது. முளையில் கட்டி, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிடித்தேன். இழுத்த சணல் நீளும். அதனால் முடிச்சு குறைந்தது: எழுபது.

எழுபத்திரண்டு வரிசை, வரிசைக்கு எழுபது கன்று. பெருக்கினேன். ஐயாயிரத்து நாற்பது.

சொல்லுங்கள், இதற்குப் பிறகு எவன் மறுபடி அளப்பான்? நான் தேடிக் கண்டுபிடித்த எண் எனக்காகவே அந்த நிலத்தில் படுத்துக் கிடந்ததாக நினைத்தேன். வரப்பில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, அளவு வந்துருச்சா?" என்றார் குருவம்மாள்.

"வந்துருச்சும்மா. ஆனா இது சதுரமில்ல. வாய்க்கா பக்கம் கொஞ்சம் நீளம்."

"அப்படியா? எனக்கு எங்க தெரியுது. இருவத்தஞ்சு வருசமா நடந்து மட்டும்தான பாத்திருக்கேன்."

அதில் இருந்த குத்தல் எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன். சாமிக்கன்று விஷயத்தையும் அப்போதே சமாளித்தேன். எழுபத்திரண்டு வரிசைக்கு நடு வரிசை கிடையாது. முப்பத்தாறுக்கும் முப்பத்தேழுக்கும் இடையில் வெறும் மண்தான். எழுபதுக்கும் அப்படியே.

"சாமிக்கன்ன நாலு கன்னுக்கு ஊடால சொருகிருவோம்மா" என்றேன்.

"சொருகுறதா? அது சாமி தம்பி. கூட்டத்துல ஒண்டிக்க எடம் கேக்குற ஆளில்ல."

அந்தக் கன்றை நான் அதற்குமேல் நினைக்கவே இல்லை. அது அவர் வீட்டுக் கன்று, என் கணக்கில் வராதது.

4. எழுபது கன்று, எழுபத்தோரு குழி

நடவு அன்று காலைக்கு வருவோம். ஐயாயிரத்து நாற்பதை ஒன்பது குவியலாகப் பிரித்தாயிற்று. குவியலுக்கு ஐந்நூற்று அறுபது, ஒன்றுகூட மிஞ்சவில்லை. செட்டுத் தலைவர்கள் வாய் பிளந்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அதற்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் சங்கிலியை நீட்டினேன்.

சதுரம் என்றால் இரண்டு பக்கமும் எழுபத்தொன்று. எழுபத்திரண்டாவது வரிசைக்கு இடமே இல்லை. அது பக்கத்துக்காரர் வரப்புக்குள் போய் விழும். ஆக ஒரு வரிசை அடிபட்டது, எழுபது கன்று கையில் நின்றது. குறுக்கே பார்த்தால் ஆறடி மிச்சம். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் இன்னொரு கன்று வைக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகு எண்ணினேன். வரிசை எழுபத்தொன்று, கடைசிக் குழியும் எழுபத்தொன்று. கையில் இருப்பது எழுபது.

மண்ணில் குச்சியால் பெருக்கிப் பார்த்தேன். எழுபத்தொன்றை எழுபத்தொன்றால் பெருக்கினால் ஐயாயிரத்து நாற்பத்தொன்று. அழித்துவிட்டு மறுபடி பெருக்கினேன். மூன்றாம் தடவை பெருக்கும்போது குச்சி முறிந்தது.

ஒரே ஒரு கன்று குறைவு. ஒரு வெறுங்குழி. இந்த வீட்டில் ஆகாதது அதுதான். ஒரு வரிசையை விட்டுவிடலாம் என்றால் எழுபது கன்று வாசலுக்குத் திரும்பும், அதுவும் ஆகாது. சமயத்துக்கு ஒரு நேந்திரங்கன்று வேண்டுமென்றால் மலை ஏறி இறங்கித்தான் கொண்டுவர வேண்டும்.

வேறு வழியில்லாமல் நடவைத் தொடங்கச் சொல்லிவிட்டேன். சங்கிலியால் ஓரம் பிடித்து, ஆறடி மூங்கில் கோலால் இடை பிடித்து, ஆட்கள் சடசடவென்று குழி வெட்டினார்கள். நான் வண்டிக்கு வண்டி வைக்கோலைப் புரட்டினேன், எங்காவது ஒரு கன்று ஒளிந்திருக்காதா என்று. வைக்கோலில் ஒரு ஓணான்தான் இருந்தது. அப்புறம் ஒரு குவியலில் இரட்டைக் குருத்தாகப் பிதுங்கிய கன்று ஒன்றைப் பார்த்தேன். மடியிலிருந்து கத்தியை எடுத்து, எங்கே வெட்டினால் இரண்டும் பிழைக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் குரல் கேட்டது. "என்ன மேஸ்திரி, கன்னுக்குப் பிரசவம் பாக்குறீகளா?"

மொக்கச்சாமி. ஐந்தாவது செட்டின் தலைவர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், ஊரில் யாரையும் விட்டுவைக்காத வாய். அவரிடம் மறைக்க முடியவில்லை. கயிறு நனைந்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

கேட்டுவிட்டு நிதானமாக வெற்றிலையைத் துப்பினார். "அறுவது எண்ணுக்கு வளைஞ்சு குடுக்குற எண்ணுனு காலைல பெருமை பேசுனீகளே. ஒரு குழிக்கு வளைய மாட்டேங்குதா?"

"சிரிக்காதீக அண்ணே. ரெண்டு மணிக்குத் தண்ணி வந்துரும்."

"குழிய மூடிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"குருவம்மா ஆத்தாவுக்குத் தெரியும்."

"அது சரிதான்" என்றார். "அப்ப ஒண்ணு செய்ங்க. மத்த எட்டு செட்டுக்கும் குழியும் கன்னும் சரியா அளந்து விட்டுருங்க. கொறை என் பங்குல கெடக்கட்டும். இதுக்காக ஒன்பது செட்டும் மண்வெட்டியக் கீழ போட வேணாம்."

இதைச் சொன்னவர், ஒரு கன்று கூடினால் மண்வெட்டியைத் தொடமாட்டோம் என்ற அதே கூட்டத்து ஆள். அவர் செட்டுக்கு ஒரு குழி அதிகம் வெட்ட வேண்டி வந்தது. வெட்டினார். வெட்டிய வெறுங்குழிக்குமேல் தன் கூடையைக் கவிழ்த்துவிட்டு, அதன்மேல் தலைத்துண்டையும் போட்டு வைத்தார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

5. நடு

பன்னிரண்டு மணி வாக்கில் குருவம்மாள் வந்தார். கையில் முறம், முறத்தில் மஞ்சள் பூசிய கன்று. நடவு ஏறக்குறைய முடிந்திருந்தது. ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

"தம்பி, நடுவக் காட்டு."

நாலு கன்றுக்கு ஊடால என்று சொல்லி வைத்திருந்தேனே, அந்த நாலு கன்று எது என்று தேடிக்கொண்டே முன்னால் நடந்தேன். வரப்பிலிருந்து வரிசையை எண்ணினேன். முப்பத்தைந்து தாண்டி முப்பத்தாறாவதில் நின்றேன். எதிர் வரப்புவரை எத்தனை இருக்கிறது என்று எண்ணினேன். முப்பத்தைந்து. எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. அந்த வரிசையிலேயே கன்று கன்றாக எண்ணிக்கொண்டு போனேன். முப்பத்தாறாவது கன்றில் நின்று அந்தப் பக்கம் எண்ணினேன். அங்கேயும் முப்பத்தைந்து.

நாலு பக்கமும் முப்பத்தைந்து. நான் நின்ற இடத்தில் மண் இல்லை, கன்று இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் மொக்கச்சாமி செட்டு நட்ட நேந்திரங்கன்று.

எழுபத்திரண்டுக்கு நடு இல்லை. எழுபதுக்கும் நடு இல்லை. எழுபத்தொன்றுக்கு உண்டு. நிலம் தன் நடுவைத் தானே வைத்துக்கொண்டு காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வாங்கி வந்தது ஐயாயிரத்து நாற்பது. குழி ஐயாயிரத்து நாற்பத்தொன்று. அந்த ஒன்று முறத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வந்து நிற்கிறது.

மொக்கச்சாமியைப் பார்த்தேன். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. குனிந்து, நடுவில் நின்ற நேந்திரங்கன்றை மண்ணோடு கிளப்பிக் கையில் எடுத்தார்.

"ஏலே, நட்டத ஏன்டா பிடுங்குற?" என்றார் குருவம்மாள்.

"சாமி வந்துட்டாருல ஆத்தா. இவருக்கு அங்கன வேற எடம் பாத்து வச்சிருக்கு."

நேரே கூடை இருந்த இடத்துக்குப் போனார். கூடையைத் தூக்கினார். குழியில் கன்றை வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துவிட்டு, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நடுத்தோட்டத்தில் நின்று சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்த முடியவில்லை. குருவம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே நடுக்குழியில் சாமிக்கன்றை வைத்து மண் தள்ளினார்.

வெறுங்குழி இல்லை. மிச்சக் கன்று இல்லை. சொன்னபடி இரண்டு மணிக்கு மடை திறந்தது.

6. கேட்டிருக்கலாம்

தண்ணீர் வரிசை வரிசையாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றோம். உண்மையைச் சொல்லாமல் மேலத் தோட்டத்தை வாங்கிக்கொள்ள மனசு ஒப்பவில்லை. நனைந்த கயிறு, காய்ந்த கயிறு, கவிழ்த்த கூடை எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் குருவம்மாள். "காலைல நீ சங்கிலிய மூணு தடவ இழுத்தத ஆள் வந்து சொன்னப்பவே தெரியும். மொத நாளே சதுரம்னு நான் சொன்னேன்ல."

"அப்பவே இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ என்னைய எங்க கேட்ட? கயித்தத்தான கேட்ட."

அவரே தொடர்ந்தார். "மேலத் தோட்டம் ஒனக்குத்தான். அது சதுரமில்ல. அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிலத்தை அளப்பதற்கு முன் அதில் நடந்தவர்களைக் கேளுங்கள். சணல் கயிற்றை நம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு நீங்கள் ஆசைப்பட்டபடியே அழகாக வந்துவிட்டால், அன்றைக்கு மறுபடி அளந்து பாருங்கள். அசிங்கமாக வந்த கணக்கை எல்லோரும் சரிபார்ப்பார்கள். அழகாக வந்ததை ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

அந்த இரண்டு எண்களையும் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். ஐயாயிரத்து நாற்பது யார் கேட்டாலும் பங்கு கொடுக்கும். அதோடு ஒன்றைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் கொடுக்காது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, எதைக் கொண்டு போனாலும் திருப்பி அனுப்பிவிடும். எழுபத்தொன்று போனால் மட்டும் கதவைத் திறக்கும். பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், குணத்தில் இவ்வளவு தூரம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கன்று. அதன் பிறகு எல்லாத் தோட்டத்துக்காரர்களிடமும், "வீட்டுக் கன்னு ஏதும் இருக்காம்மா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

மறுவருஷம் ஒரு காலையில் மொக்கச்சாமி என் வீட்டு வாசலில் நின்றார். தோளில் ஒரு வாழைத்தார், பாதி பழுத்தது.

"ஆத்தா குடுத்து விட்டாக. நடுக் கன்னோடதாம். மேஸ்திரிக்குத்தான் போகணும்னு சொன்னாக."

இறக்கி வைத்தோம். என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "எண்ணு சோறு போடும்னீக. பழமும் போடுதே" என்றாள்.

மொக்கச்சாமி ஒரு பழத்தைப் பிய்த்துத் தோலை உரித்துக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன மேஸ்திரி, தாருல எத்தன காய்னு எண்ணலையா?"

நானும் ஒன்றைப் பிய்த்தேன். என் வீட்டுக்காரிக்கு ஒன்று கொடுத்தேன். தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தோம். சாயங்காலம் வெறும் காம்புதான் கிடந்தது. கடைசிவரை நான் எண்ணவில்லை.